ஐதரசன் யுகமும் புத்தளக் கரையும்

(புத்தளம் மாவட்டத்துக் கரையோரக் கமக்காரரும் கடற்றொழிலாளரும் கற்றோரும் கூடிய பொதுக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



அரசியல் மேடையில் ஏறிநின்று ஒருவன் விஞ்ஞானம் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். வெங்காயத்தின் விலையையும் மண்ணெண்ணெயின் விலையையும் பேசினால் அது அரசியல் என்று ஒப்புக்கொள்கின்றோம். அந்த மண்ணெண்ணெயின் இடத்தில் நாளை எது வந்து அமரப்போகின்றது, அது யாருடைய கையில் இருக்கப்போகின்றது என்று கேட்டால் அதுவும் அரசியல்தான். முன்னதைக் காட்டிலும் பெரிய அரசியல் என்றே நான் சொல்வேன்.

2022ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். நாட்டின் கருவூலத்தில் டொலர் வற்றியது. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னே இரவு பகலாக மக்கள் வரிசையில் நின்றார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் கற்பிட்டியிலும் உடப்பிலும் படகுகள் கரையில் கிடந்தன. நீர் இறைக்கும் இயந்திரம் நின்றதால் தோட்டத்துப் பயிர் வாடியது. கடலில் மீன் இருந்தது. கிணற்றில் நீர் இருந்தது. உழைக்கக் கையும் இருந்தது. எங்கோ ஒரு பாலைவனத்தில் தோண்டி எடுத்து, கப்பலேற்றிக் கொண்டுவரும் எண்ணெய் ஒன்று மட்டுமே இல்லை. அந்த ஒன்று இல்லாதபோது மற்ற எல்லாம் இருந்தும் இல்லாதவை ஆயின. இந்தப் பாடத்தை நாம் மறந்துவிடக் கூடாது. அதனால்தான் இன்றைக்கு ஐதரசனைப் பற்றியும், அதைக் கொண்டு வாகனம் ஓட்டும் எரிபொருட்கலத்தைப் பற்றியும் பேச வந்திருக்கின்றேன்.

நீதியரசர் கண்ட கலம்

எரிபொருட்கலம் என்பது நேற்று முளைத்த புதுமை அன்று. சட்டத் தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இதிலே ஒரு தனிப் பெருமையும் உண்டு. இதனைக் கண்டவர்களுள் முதன்மையானவர் வில்லியம் குரோவ் என்பவர். அவர் வேல்சு நாட்டவர், தொழிலால் பாரிஸ்டர், பிற்காலத்தில் நீதியரசராக ஆசனத்தில் அமர்ந்தவர். நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிகின்றது என்பது அக்காலத்தில் தெரிந்த உண்மை. அப்படியானால் அவ்விரண்டையும் மறுபடி சேர்த்தால் செலுத்திய மின்சாரம் திரும்பக் கிடைக்க வேண்டுமல்லவா என்று குரோவ் வாதித்தார். வாதத்தோடு நிற்கவில்லை, 1839ஆம் ஆண்டில் அதனைச் செய்தும் காட்டினார்.

அதன் நடைமுறை மிக எளிது. கலத்தின் ஒரு பக்கம் ஐதரசன் வருகின்றது. மறுபக்கம் காற்று வருகின்றது. நடுவே மெல்லிய ஒரு சவ்வு. அதன் இரு முகங்களிலும் மிகச் சிறிய அளவில் பிளாற்றினம். ஐதரசன் அணு அங்கே இரண்டாகப் பிளக்கின்றது. அதன் கரு சவ்வின் ஊடே செல்லும். இலத்திரனுக்கு அந்த வழி அடைப்பு. ஆகவே இலத்திரன் கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு போகின்றது. அப்படிச் சுற்றிப் போவதுதான் மின்சாரம். அதுதான் வாகனத்தின் மோட்டாரைச் சுழற்றுகின்றது. மறுகரையில் எல்லாம் ஒன்றுகூடி ஒட்சிசனோடு சேர்ந்து நீராகின்றன. நெருப்பும் புகையும் இல்லை; குழாய் வழியே வெளிவருவது நீராவி.

இக்கலம் நூறாண்டுக்கு மேல் ஆய்வுகூடத்து மேசையிலேயே கிடந்தது. பிரான்சிசு தோமசு பேக்கன் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 1959இல் ஐந்து கிலோவாட் வலுவுள்ள கலத்தை இயக்கிக் காட்டினார். அவருடைய வழியில் பிறந்த கலங்களே சந்திரனுக்குச் சென்ற அப்பலோ விண்கலங்களுக்கு மின்சாரம் அளித்தன. அதன் பின்னர் தென்கொரியாவின் ஹியுண்டாய் 2013இலும், யப்பானின் டொயோட்டா 2014இலும் எரிபொருட்கலக் கார்களைச் சந்தைக்கு அனுப்பின. டொயோட்டாவின் மிராய் என்னும் கார், ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ ஐதரசனைக் கொண்டு அறுநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடவல்லது.

அக்கரையில் நடப்பது

இவையெல்லாம் பணக்கார நாடுகளின் விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். நமது கரைக்கு எதிரே மன்னார் வளைகுடாவின் அப்புறத்தில் நடப்பதைப் பாருங்கள்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வுகூடம் இருக்கின்றது. வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாவும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் இராதாகிருட்டிணன் திறந்துவைத்தார். வணிகத்தில் தேடிய செல்வத்தை ஒரு தமிழர் ஆய்வுக்காக வாரி வழங்கினார் என்பதை இங்குள்ள செல்வர்கள் கருத்தில் கொள்வார்களாக. அந்த ஆய்வுகூடமும் பூனாவிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடமும் எரிபொருட்கலத்தின் நுட்பங்களில் ஆண்டுக்கணக்காக உழைத்தன. அந்த உழைப்பின் பயனாக, இந்தியாவிலேயே செய்த கலத்தைக் கொண்ட கார் 2020இல் பூனாவில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. பஸ் 2022இல் வந்தது. சென்னையில் எரிபொருட்கலத்துக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இயங்குகின்றது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஐதரசனால் ஓடும் ரயில் பெட்டி 2025 ஜூலையில் பரீட்சிக்கப்பட்டது. கொச்சிக் கப்பற்கட்டும் தளத்தில் செய்த எரிபொருட்கலப் படகொன்று 2024 பெப்ரவரியில் தூத்துக்குடி விழாவிலிருந்து தொடக்கிவைக்கப்பட்டது. அதே தூத்துக்குடியில், வ. உ. சிதம்பரனாரின் பெயர் தாங்கும் துறைமுகத்தில், 2025 செப்ரெம்பரில் சிறியதோர் ஐதரசன் ஆலை திறக்கப்பட்டது. அது தெருவிளக்குக்கும் மின்வாகனத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் அளவிலானதுதான். ஆனாலும் அது ஒரு தொடக்கம். பசும் ஐதரசனுக்கென 2023 ஜனவரியில் இந்திய அரசு 19,744 கோடி ரூபாவில் ஒரு திட்டத்தையே வகுத்தது.

நம்மவருக்கு இது முற்றிலும் புதிய வித்தையா? அதுவும் இல்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்த உப்புநீரை மின்சாரத்தால் பகுத்து எரிசோடாவும் குளோரினும் செய்தது. அந்த முறையில் ஐதரசனும் கூடவே பிறக்கும். நமது தொழிலாளரும் பொறியியலாளரும் கையாண்ட வித்தை அது. யுத்தம் அந்தத் தொழிற்சாலையைத் தின்றுவிட்டது. வித்தையை நாம் இழந்துவிட வேண்டியதில்லை.

வாகனக் கணக்கு

ஒரு பொருளின் புகழை மட்டும் பாடிவிட்டுப் போவது வழக்கறிஞனுக்கு அழகன்று. எதிர்வாதத்தையும் நீங்கள் கேட்க வேண்டும்.

காற்றாலையில் நூறு அலகு மின்சாரம் பிறக்கின்றது என்று வையுங்கள். அதைக் கொண்டு நீரைப் பகுத்தால் ஏறக்குறைய அறுபத்தைந்து அலகுக்குரிய சக்தியே ஐதரசனாகத் தேறும். ஐதரசன் மிக இலேசான வாயு. வாகனத்தின் தொட்டியில் அடைக்க வேண்டுமானால் வளிமண்டல அமுக்கத்தைப் போல எழுநூறு மடங்கு அமுக்க வேண்டும். அதற்கும் சக்தி செலவாகும். பின்னர் எரிபொருட்கலம் அதில் ஏறக்குறையப் பாதியைத்தான் மின்சாரமாகத் திருப்பித் தரும். முடிவிலே சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது முப்பது அலகின் அளவே. அதே நூறு அலகைப் பற்றரியில் ஏற்றினால் எழுபதுக்கு மேல் சக்கரத்தைச் சேரும்.

இந்தக் கணக்கு உலகச் சந்தையிலும் தீர்ப்பெழுதி வருகின்றது. கலிபோர்னியாவில் கார்களுக்கு ஐதரசன் நிரப்பிய தன் நிலையங்களை ஷெல் கம்பனி 2024இல் மூடியது. ஐரோப்பாவின் பெரிய கார்க் கம்பனிகளுள் ஒன்றான ஸ்டெலாண்டிஸ் 2025 ஜூலையில் தன் எரிபொருட்கல வாகனத் திட்டத்தைக் கைவிட்டது. உலகில் இன்று உண்டாக்கப்படும் ஐதரசனின் மிகப் பெரும் பகுதி இயற்கை வாயுவிலும் நிலக்கரியிலும் இருந்தே வருகின்றது என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த ஐதரசனை எரிபொருட்கலத்தில் இட்டால், புகை வாகனத்தில் இராது, ஆலையில் இருக்கும். அவ்வளவே வேறுபாடு.

ஆகவே நாளைக்கே உங்கள் முச்சக்கர வண்டி ஐதரசனில் ஓடும் என்று எவராவது வாக்குக் கேட்டு வந்தால் நம்பாதீர்கள். முச்சக்கர வண்டிக்கும் சிறிய காருக்கும் பற்றரியே போதும். நெடுந்தூரம் பாரம் சுமக்கும் லொறி, பல நாட் கடலில் நிற்கும் கலம், மின்கம்பி போகாத பாதையின் ரயில், இவற்றிலேதான் எரிபொருட்கலத்தின் ஆய்வு இன்று உயிரோடு இருக்கின்றது. 2018இல் ஜேர்மனியில் ஐதரசன் ரயில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. 2020இல் சுவிற்சர்லாந்தின் வீதிகளில் ஐதரசன் லொறிகள் ஓடத் தொடங்கின. இந்த ஆய்வு வெல்லுமா, பற்றரியே எல்லாவற்றையும் கைப்பற்றுமா என்பது இன்னும் முடியாத வழக்கு.

ஆனால் கமக்காரருக்கு இதிலே வேறொரு சங்கதி உண்டு. ஐதரசனையும் காற்றிலுள்ள நைதரசனையும் சேர்த்தால் அமோனியா; அமோனியாவிலிருந்து யூரியா. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே கட்டளையில் தடைசெய்யப்பட்டபோது உங்கள் வயலும் தோட்டமும் பட்ட பாட்டை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. நட்டத்தை யாரும் நீக்கவில்லை. ஐதரசன் செய்யத் தெரிந்த நாடு எரிபொருளுக்கும் உரத்துக்கும் பிறரிடம் கையேந்தும் நிலையிலிருந்து ஓரளவேனும் மீளும். இதுவே இதன் மெய்யான பெறுமதி.

நமது கரையின் செல்வம்

இனி நமது கரைக்கு வருவோம். இத்தீவின் மிகப் பெரிய மின்நிலையம் எங்கே இருக்கின்றது? நுரைச்சோலையில். 2011இல் முதலாவது இயந்திரம் இயங்கியது. மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாட். நிலக்கரி கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றது. மின்சாரம் கொழும்புக்குப் போகின்றது. தூசும் சாம்பலும் தங்கள் தோட்டங்களில் படிகின்றன என்று அயற்கிராமத்து மக்கள் ஆண்டாண்டாக முறையிட்டு வந்திருக்கின்றார்கள். கொழும்பின் குப்பைக்கு இடம் தேடியபோதும் நமது மாவட்டத்தின் அறுவாக்காடுதான் அகப்பட்டது. பயன் ஓரிடத்துக்கும் பாரம் ஓரிடத்துக்கும் என்று பங்கிடப்பட்ட கதை இது.

அதே கரையில் காற்றும் வீசுகின்றது. மாம்புரியில் 2010இல் காற்றாலைகள் எழுந்தன. பின்னர் வாவியோரத்தில் மேலும் பல எழுந்தன. மன்னாரில் 2020இல் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. வெயிலுக்கும் இங்கே பஞ்சமில்லை. நமது உப்பளங்களே அதற்குச் சாட்சி.

அந்த வெயிலை நாடு என்ன செய்கின்றது? 2025 பெப்ரவரி 9ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்ததே காரணம் என்று உலகம் சிரித்தது. மின்சாரத் தேவை குறைந்த விடுமுறை நாளில் சூரிய மின்சாரம் மிகுந்திருந்ததால் வலைப்பின்னல் தள்ளாடியது என்பதே உள்ளே இருந்த உண்மை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்று, மீண்டும் இயங்கப் பல நாட்கள் சென்றன. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைமேற் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. ஒருபுறம் டொலர் கொடுத்து நிலக்கரி வாங்குகின்றோம். மறுபுறம் இலவசமாக வரும் வெயிலை அணைத்து வை என்கின்றோம்! மிஞ்சும் மின்சாரத்தைப் பற்றரியிலும் சேமிக்கலாம், ஐதரசனாகவும் சேமிக்கலாம். சில மணி நேரத்துக்குப் பற்றரி சிறந்தது. மாதக்கணக்கில் வைத்திருக்க ஐதரசன் சிறந்தது. ஆகவே இன்று இல்லாவிட்டாலும் நாளை, காற்றும் வெயிலும் கடலும் ஒருங்கே அமைந்த இந்தக் கரையைத் தேடி ஐதரசன் முதலாளிகள் வரவே செய்வார்கள்.

தண்ணீர் யாருடையது?

வரும்போது நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி தண்ணீரைப் பற்றியது. ஒரு கிலோ ஐதரசனுக்குக் குறைந்தது ஒன்பது லீற்றர் தூய நீர் வேண்டும். ஏறக்குறைய ஐம்பத்தைந்து அலகு மின்சாரமும் வேண்டும். பத்து மெகாவாட் காற்றாலை முழு வலுவோடு ஒரு மணி நேரம் இயங்கினால் பத்தாயிரம் அலகு. அதில் 180 கிலோ ஐதரசன் பிறக்கும். 1,620 லீற்றர் நீர் செலவாகும். இது ஒரு தோட்டத்துக்கு இறைக்கும் நீர்தான், அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஆயிரம் மெகாவாட் என்று எவரேனும் வந்தால் அது நூறு மடங்கு. மணிக்கு 1,62,000 லீற்றர். நீரைச் சுத்திகரிக்கவும் இயந்திரத்தைக் குளிரவைக்கவும் ஆகும் நீரைச் சேர்த்தால் அது இன்னும் இரண்டு மூன்று மடங்காகும்.

கற்பிட்டியின் நிலத்தடி நீர் எத்தகையது? கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை அது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறும். உரத்தின் நைத்திரேற்று ஏற்கெனவே பல கிணறுகளில் இறங்கியிருப்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றார்கள். அந்த நீரில் கைவைக்க எந்த ஆலைக்கும் இடம் கொடுக்கலாகாது.

கடல்நீரைச் சுத்திகரித்தால் செலவு மிகும் என்று கம்பனியார் வாதிப்பார்கள். அந்த வாதத்தை இங்கேயே முறித்துவிடுகின்றேன். ஆயிரம் லீற்றர் கடல்நீரை நன்னீராக்க இன்று மூன்று நான்கு அலகு மின்சாரமே தேவை. அப்படியானால் ஒன்பது லீற்றருக்கு ஓர் அலகில் முப்பதில் ஒரு பங்குதான். ஐம்பத்தைந்து அலகு செலவு செய்பவனுக்கு அது ஒரு செலவா? எனவே கிணற்று நீரைத் தொடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. சுத்திகரித்தபின் எஞ்சும் கடும் உப்புநீரைப் புத்தளம் வாவியில் விடவும் கூடாது; வாவி கெட்டால் இறாலும் மீனும் கெடும், அவற்றை நம்பிய குடும்பமும் கெடும்.

சட்டம் நமக்குத் தந்திருப்பது

நம்மால் என்ன செய்ய முடியும் என்று சோர்ந்து கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு தீர்ப்புகளை நினைவூட்டுகின்றேன்.

எப்பாவலையில் பொஸ்பேற்றுப் படிவத்தை அந்நியக் கம்பனியின் கூட்டுக்கு முப்பது ஆண்டுக்குக் கொடுக்க அரசு முற்பட்டது. அவ்வூர்க் காணிச் சொந்தக்காரரும் விவசாயிகளும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2000ஆம் ஆண்டில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, இயற்கை வளம் மக்களுக்குரியது, அரசு அதன் நம்பிக்கைப் பொறுப்பாளர் மட்டுமே என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது. முறையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இன்றி எதையும் தொடங்கக்கூடாது என்று தடுத்தது. அவ்விவசாயிகள் சிங்களவர், அவர்கள் வென்ற உரிமை நம் எல்லோருக்கும் உரியது.

மற்றது சுன்னாகம். மின்நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்தது என்ற வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் சுத்தமான நீருக்கான மக்களின் உரிமையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா கொடுக்குமாறு கம்பனிக்குக் கட்டளையிட்டது. ஆனால் அங்கே கிணறு கெட்ட பின்னரே நீதி வந்தது. நமது கிணறு கெடுமுன் நாம் விழிக்க வேண்டும்.

மன்னாரையும் பாருங்கள். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை அமைக்க வந்த அதானி கம்பனி, வழக்குகளுக்கும் விலைச் சர்ச்சைக்கும் நடுவே 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் வேறு காற்றாலைகளை எதிர்த்து மன்னார் மக்கள் தெருவில் அமர்ந்தார்கள். அவர்கள் காற்றின் பகைவரா? தங்களைக் கேளாமல் தங்கள் வாசலில் தூண் நாட்டுவதன் பகைவர். கேட்டுச் செய்திருந்தால் காற்றாலையும் எழுந்திருக்கும், மக்களும் மகிழ்ந்திருப்பார்கள். டென்மார்க்கின் தலைநகர்க் கடலில் 2000ஆம் ஆண்டில் எழுந்த மிடில்குருண்டன் காற்றாலையில் சரிபாதி, பொதுமக்களின் கூட்டுறவுக்குச் சொந்தம். அங்கே தூண் நாட்டியதை எதிர்க்க வேண்டியவனே அதன் பங்காளி ஆனான்.

நமது கோரிக்கைகள்

ஆகவே, ஐதரசன் ஆலை என்று எவர் வந்தாலும், அரசாயினும் கம்பனியாயினும், நாம் வைக்க வேண்டிய நிபந்தனைகளை இன்றே தீர்மானிப்போம்.

ஒன்று: நிலத்தடி நீரில் ஒரு சொட்டும் எடுக்கக்கூடாது; எஞ்சும் உப்புநீரை வாவியில் விடக்கூடாது.

இரண்டு: சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கை முழுவதும் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தில் வைக்கப்பட வேண்டும். சட்டம் தரும் முப்பது நாளில் அதைப் படித்து எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க நாமும் ஆயத்தமாக வேண்டும். மறைக்கப்படும் பத்திரங்களை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற வேண்டும்.

மூன்று: காணி கொடுப்பவர் ஒருமுறை பணம் வாங்கிக்கொண்டு வெளியேறுபவராக இருக்கக்கூடாது. கமக்காரர், கடற்றொழிலாளர் ஆகியோரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஆலையில் பங்கு வேண்டும்.

நான்கு: கரையோரக் கிராமங்களுக்கு முதலில் மின்சாரம், பின்னரே ஏற்றுமதி.

ஐந்து: நமது பிள்ளைகளுக்குக் கல்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறை, நோர்வேயின் பல்கலைக்கழகத்தோடும் கோயம்புத்தூரோடும் கைகோத்துத் தூய சக்தி ஆய்வில் ஈடுபட்டு வந்திருக்கின்றது. புத்தளத்துத் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அந்த ஆய்வுகூடத்தின் படி ஏற வேண்டும். ஆலை இங்கே எழும்போது வாயிற்காவலுக்கு மட்டும் நம்மவரை அழைக்கும் நிலை வரக்கூடாது. இங்கே வந்திருக்கும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் ஆளுக்கொரு மாணவனின் விஞ்ஞானப் படிப்பைப் பொறுப்பேற்றால், பத்தாண்டில் இந்தக் கரையின் முகம் மாறும்.

பெரியோர்களே, நிலக்கரி வந்தபோது நம்மைக் கேட்கவில்லை. குப்பை வந்தபோது கேட்கவில்லை. ஐதரசன் இன்னும் வரவில்லை. அது வருமுன் பேசுவதற்கு நமக்கு அவகாசம் இருக்கின்றது. அந்த அவகாசத்தை வீணாக்கினால், பிறகு நீதிமன்றப் படியேறி எத்தனை வாதம் புரிந்தாலும் போன கிணறு திரும்பாது. கிராமந்தோறும் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை இம்மாதத்துக்குள் அமையுங்கள். அதிலே ஒரு கமக்காரர், ஒரு கடற்றொழிலாளர், ஓர் ஆசிரியர், ஒரு தாய், ஓர் இளைஞர் இருக்கட்டும். உங்கள் கிணறுகளின் நீரை இன்றே பரிசோதித்து அளவைக் குறித்து வையுங்கள். நாளை ஒரு வழக்கு வந்தால் அந்தக் குறிப்பேடுதான் நமது முதற் சாட்சி. சட்ட வேலையை நான் கூலியின்றிச் செய்து தருகின்றேன்.

காற்றை எவரும் விதைக்கவில்லை. கடலை எவரும் வெட்டவில்லை. அவற்றின் பயனில் இந்தக் கரையில் வாழ்பவனுக்கு முதற் பங்கு உண்டு என்பதே நமது வழக்கு. அந்த வழக்கில் நாம் வெல்வோம் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகின்றேன்.